கடைசி நாள் ஜூன் பதினைந்து

ஜனவரி 9

மதிப்பிற்குரிய திருத்துநர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவி எண் 4417 எழுதுகிறேன். மேல்நிலை அரபு இலக்கணம், அஞ்சல் வழி, முதல் பாடத்தின் பயிற்சித் தாள்கள் இத்துடன் இருக்கின்றன. மாணவரும் திருத்துநரும் பெயர் சொல்லிக்கொள்ளக் கூடாது, எண் மட்டும்தான் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. பெயர் சொல்லவில்லை. ஆனால் நாற்பதைத் தொட்டவள் இப்போது எதற்கு இதில் வந்து விழுந்தாள் என்று உங்களுக்குத் தோன்றலாம், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் அரபு பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பவள். பதினோரு வருடமாகத் தற்காலிகம். பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துதான் தகராறு. எழுத்துக்கு மேலும் கீழும் போட வேண்டிய உயிர்க்குறியைப் போடாமல் எழுதி வைத்துவிடுகிறார்கள், படிப்பவர்தான் இலக்கணத்தை வைத்து மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். போன மாதம் கண் ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெரியவர், தன் அண்ணன் எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஒரு வரியில் இரண்டு பெயர்கள், நடுவில் ஒரு வினை. யார் யாரை மன்னித்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. “நல்லா இருக்கியான்னு கேட்டிருக்காருங்க” என்று அரபியில் சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பிவிட்டார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

இப்போது புது விதி வந்திருக்கிறது. ஜூலை முதல், மேல்நிலைச் சான்றிதழ் உள்ளவர்தான் அந்த நாற்காலியில் உட்காரலாம். பன்னிரண்டு பாடமும் தேறி, உங்கள் கையெழுத்து விழுந்தால்தான் எனக்கு வேலை. கொஞ்சம் பார்த்துத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
4417

*

ஜனவரி 27

மாணவி எண் 4417க்கு,

நூற்றுக்கு முப்பத்தொன்று. தாள்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன.

பார்த்துத்தான் திருத்தியிருக்கிறேன். சொந்தக் கதை பாடத்தில் சேராது. வாசிக்கத் தெரியாததைப் பொய் சொல்லிச் சமாளித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொய் சுலபமாக வருகிறவர்களுக்கு இலக்கணம் கொஞ்சம் சிரமம்தான்.

உங்கள் கையெழுத்தைப் பற்றி ஒன்று. உயிர்க்குறிகளைக் கீழிருந்து மேலாக இழுக்கிறீர்கள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் எழுதுவது போல இருக்கிறது. ஐந்து வருடத்தில் ஆயிரக்கணக்கான தாள் பார்த்தாயிற்று, இப்படி இழுக்கிற ஆளை ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாம் பயிற்சியில் ஒன்பது தவறு. கண் எங்கே? முழுப் பயிற்சியையும் இருபது முறை எழுதி அனுப்பவும்.

திருத்துநர் 9

*

பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய திருத்துநர் அவர்களுக்கு,

இருபது முறை எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், இருபத்தொன்று இருக்கும். ஒன்று கூடுதல், கணக்குத் தப்பிவிடக் கூடாது என்று.

இரண்டாம் பாடத்தை ஓரம் இரண்டு விரல் அகலம் விடவில்லை என்று திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கையேட்டில் அப்படி ஒரு விதி இல்லை. இருந்தாலும் விட்டு எழுதியிருக்கிறேன். மூன்றாம் பாடத்தில் மை சிந்தியதற்கு ஐந்து மதிப்பெண் போனது. அது மை இல்லை, டீ. பணியிடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பக்கத்துக் கவுன்ட்டரில் இருப்பவள் கை தட்டிவிட்டாள்.

நீங்கள் கடுமையாக இருப்பது எனக்கு நல்லதுதான். காலையில் பஸ்ஸில், மதியம் கேன்டீனில், எல்லா இடத்திலும் வாய்க்குள் உயிர்க்குறி போட்டுக்கொண்டே போகிறேன். மருத்துவர் ஒருவர், “என்னங்க, யாரைத் திட்டிக்கிட்டு வர்றீங்க?” என்று கேட்டார்.

4417

*

மார்ச் 3

மாணவி எண் 4417க்கு,

இருபத்தொன்று என்று நீங்கள் சொன்னது தவறு. இருபதுதான் இருக்கிறது. எண்ணும்போதும் பொய்யா என்று கேட்க மாட்டேன்.

நான்காம் பாடம்: ஐம்பத்தெட்டு. செய்தவர் பெயரைச் சொல்லாமல் மறைக்கும் வினை வடிவம் உங்களுக்கு மட்டும் பிசகாமல் வருகிறது. “சாளரம் உடைக்கப்பட்டது”, “கடிதம் எடுக்கப்பட்டது” என்று பத்துக்குப் பத்தும் சரி. யார் உடைத்தது, யார் எடுத்தது என்று கேள்வி வந்தால்தான் தடுமாறுகிறீர்கள்.

கூடுதல் பயிற்சி தருகிறேன். கீழே உள்ள வாக்கியத்தை அரபியில் எழுதி, பிறகு செய்தவரை வெளியே கொண்டுவந்து மாற்றி எழுதவும்.

“ஒருத்திக்குத் தேர்வு நாள் தவறாகச் சொல்லப்பட்டது.”

திருத்துநர் 9

*

மார்ச் 20

அக்கா,

கூடுதல் பயிற்சிக்கு விடை: “தங்கை தன் அக்காவிடம் தேர்வு நாளைத் தவறாகச் சொன்னாள்.” தனித் தாளில் அரபியில் எழுதி, ஒரு குறி விடாமல் போட்டிருக்கிறேன். சரியா என்று பார்.

முதல் பாடம் திரும்பி வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். ஓரத்தில் சிவப்பில் “கண் எங்கே?” என்று எழுதியிருந்தாயே. உலகத்தில் யார் அக்கா அப்படித் திருத்துவார்கள்? நம் வீட்டு ஒற்றை மேஜையில், ஒரே புத்தகத்தை உன் பக்கம் வைத்துக்கொண்டு, நான் எதிரில் உட்கார்ந்து தலைகீழாகப் படிக்கும்போது, ஸ்கேலால் மேஜையைத் தட்டி, “கண்ணு எங்கடி இருக்கு?” என்று கேட்பாய். அந்த ஸ்கேல் சத்தத்தோடுதான் அந்தத் தாளைப் படித்தேன்.

உனக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. பிறகு எதற்கு எண் ஒன்பது, எண் 4417 என்று நாடகம்? திட்டுவதாக இருந்தால் நேராகத் திட்டு. ஓரம் போதவில்லை, மை சிந்தியது என்று சுற்றி வளைக்காதே. அம்மா சாவுக்கு வந்தபோதும் இப்படித்தான், என் பக்கம் ஒரு பார்வை இல்லை. பெஞ்சின் அந்த முனையில் நீ, இந்த முனையில் நான், நடுவில் எல்லாருடைய செருப்பும்.

ஐந்தும் ஆறும் இணைத்திருக்கிறேன்.

உன் வாலு

*

ஏப்ரல் 4

வாலு இல்லை, வால் எல்லாம் நறுக்கி ரொம்ப நாள் ஆகிறது.

நேராகத் திட்டச் சொன்னாய் அல்லவா, கேட்டுக்கொள். இடைநிலை வரைக்கும் உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். பகலெல்லாம் தையல் கடையில் பித்தான் கட்டிவிட்டு வந்து, கண்ணெல்லாம் எரிய உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். மேல்நிலை வகுப்பில் ஒரே ஒரு இடம் என்று தெரிந்தும், “ரெண்டு பேரும் எழுதுவோம், யாருக்குக் கெடைச்சாலும் சரி” என்று சொன்னவளும் நான்தான். தேர்வு நாள் போட்ட அட்டை வந்தபோது நான் கடையில். வாங்கினவள் நீ. “வியாழக்கிழமைக்கா” என்று பச்சையாகச் சொன்னாய். புதன்கிழமை சிநேகிதி வீட்டுக்கு என்று கிளம்பினாய். உன் தலைமுடியை நான்தான் அன்றைக்குப் பின்னிவிட்டேன். என் கையாலேயே பின்னிவிட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை நான் நாலு பென்சில் சீவிக்கொண்டு போய் நின்றேன். கேட்டில் இருந்த காவலாளி, “என்னம்மா, அது நேத்தே முடிஞ்சுருச்சே” என்றார். பாவம், அந்த மனிதர் எனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அதைக்கூட விட்டிருப்பேனோ என்னவோ. நீ அந்த வகுப்பில் ஒரு வருடம்கூட உட்காரவில்லை. பாதியில் போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாய். திருடினதை மன்னிக்கலாம் வாலு, திருடினதைக் குப்பையில் போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் பதினைந்து வருடம் தனியாக, கேட்க ஒரு ஆள் இல்லாமல், கிழிந்த புத்தகங்களை ஒட்டி ஒட்டிப் படித்து இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் எண் என் மேஜைக்கு வந்தது யார் செய்த புண்ணியமோ. வேறு திருத்துநருக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதலாம் என்று யோசிக்காதே. மாற்ற மாட்டார்கள், நானும் விட மாட்டேன்.

ஐந்து: அறுபத்திரண்டு. ஆறு: திருப்பி அனுப்பப்படுகிறது. இருபது முறை.

திருத்துநர் 9

*

ஏப்ரல் 23

அக்கா,

நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. செய்தேன். நீ வந்தால் உனக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்துதான் செய்தேன். நமக்குள் யாருக்குக் கிடைத்தாலும் சரி என்று நீ சொன்னாயே, உனக்குச் சொல்வது சுலபம். கிடைக்கப்போவது உனக்கு. வீட்டில் எல்லாமே முதலில் உனக்கு வந்து, அப்புறம்தான் எனக்கு. புத்தகம்கூட உன் பக்கம் நேராக, என் பக்கம் தலைகீழாக.

பாதியில் போட்டது ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் இல்லை. தேர்வன்று வாத்தியார் புத்தகத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார். நான் எதிரில் இருந்து தலைகீழாகவே கடகடவென்று வாசித்தேன். மனுஷன் அசந்துபோய் அங்கேயே இடத்தைக் கொடுத்துவிட்டார். வகுப்பு தொடங்கிய நாள் என் கையில் எனக்கே எனக்கென்று ஒரு புத்தகம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை அக்கா. மெதுவாகப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டேன். வகுப்பே சிரித்தது. ஒன்பது மாதம் சிரித்தது. நேராக வைத்துப் படிக்கப் பழகினேன், ஆனால் திக்கித் திக்கி, குழந்தை மாதிரி. எதிரில் நீ இல்லாமல் எனக்கு அது வரவில்லை. இதுதான் நடந்தது. சிரித்துக்கொள்.

இன்னொன்று. ஏழாம் பாடத்தில் “மூன்று கடிதங்கள்” என்று நான் எழுதியதை அடித்து மூன்று மதிப்பெண் குறைத்திருக்கிறாய். கடிதம் அரபியில் பெண்பால், எண்ணும்போது எண் ஆண்பாலாக வரும், மூன்றிலிருந்து பத்துவரை இந்தக் குறுக்குப் புத்திதான் என்று நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். நான் எழுதியது சரி. திருத்துநர் திருத்தியதுதான் தவறு. தலைமைக்கு எழுதுவேன் என்று மிரட்டவில்லை. ஆனால் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஐம்பது முறை எழுதச் சொல். வேலையில் மட்டும் கை வைக்காதே. பெண் படித்துக்கொண்டிருக்கிறாள், அவள் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது, வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். கடைசி நாள் அறிவித்துவிட்டார்கள். ஜூன் பதினைந்து. அதற்குள் சான்றிதழ் மேலாளர் மேஜையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் வாங்க மாட்டார்களாம்.

வாலு

*

மே 7

மாணவி எண் 4417க்கு,

ஏழாம் பாடம், “மூன்று கடிதங்கள்”: நீங்கள் எழுதியது சரி. கோபத்தில் கை முந்திக்கொண்டது. மூன்று மதிப்பெண் திருப்பித் தரப்பட்டிருக்கிறது. ஐந்து வருடத்தில் என் திருத்தலில் பிழை வருவது இதுவே முதல் தடவை. அதையும் உன்னால்தான் என்று குறித்துவைத்திருக்கிறேன்.

புத்தகத்தைத் திருப்பின கதையை இரண்டு முறை படித்தேன். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை, அதை எதிர்பார்க்காதே. என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் எதிரில் இருந்திருப்பேன்.

எட்டு: எழுபத்தொன்று. ஒன்பது: எழுபத்தெட்டு. நீ தேறிவருகிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் உள்ளதைக் குறைத்துப் போட எனக்கு வராது.

ஜூன் பதினைந்து. குறித்துக்கொண்டேன்.

திருத்துநர் 9

*

மே 29

அக்கா,

பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டாம் பாடம் நாலு பக்கம், ஒரு உயிர்க்குறிகூட இல்லாத வெற்று எழுத்து. முழுக்கக் குறி போட்டிருக்கிறேன். மூன்று வாரம் ஆயிற்று. பெண் பரீட்சைக்குப் படிக்க அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒரே மேஜை. அவள் சிரித்தாள், “அம்மா, நீ இப்பவும் என் புத்தகத்தைத் தலைகீழா படிக்கிறே” என்றாள். நான் கவனிக்கவே இல்லை.

அந்தக் கண் ஆபரேஷன் பெரியவர் மறுபரிசோதனைக்கு வந்தார். கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். கேட்டு வாங்கி மறுபடி வாசித்தேன். இந்த முறை தெரிந்தது. அண்ணன்தான் தம்பியை மன்னித்திருந்தார். “போன தடவை தப்பா சொல்லிட்டேங்க” என்று சொல்லி, சரியாக வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் அண்ணனுக்குப் போன் போட்டார்.

இதை உன்னைக் கரைப்பதற்காக எழுதவில்லை. நீ கற்றுக்கொடுத்தது வேலை செய்தது, அவ்வளவுதான்.

தேதி ஞாபகம் இருக்கட்டும். பதினைந்து.

வாலு

*

ஜூன் 16

வாலுக்கு,

உன் பன்னிரண்டாம் பாடம் இரண்டாம் தேதி என் கைக்கு வந்தது. அன்றைக்கே திருத்தி முடித்தேன். நாலு பக்கத்தில் இரண்டே தவறு. தொண்ணூற்றாறு. நான் திருத்திய பன்னிரண்டாம் பாடங்களில் இவ்வளவு யாருக்கும் போட்டதில்லை. மூன்றாம் தேதி சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, உறையில் போட்டு ஒட்டினேன்.

ஒட்டி மேஜைமேல் வைத்துவிட்டேன்.

பதின்மூன்று நாள் அங்கேயே இருந்தது. தினமும் டீ கிளாஸை அதன்மேல்தான் வைத்தேன், வட்ட வட்டமாகக் கறை இருக்கும், பார். தபால்பெட்டி எங்கள் கட்டிடத்து வாசலிலேயே இருக்கிறது, முப்பது படி. வெளியே போகும்போதெல்லாம் உறையை எடுத்துக்கொண்டு போய், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். நேற்று பதினைந்து. நேற்று மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இன்று போடுகிறேன். இது உன் கைக்கு வரும்போது உன் நாற்காலி வேறு யாருக்காவது போயிருக்கும். முழுத் தகுதியோடு, தொண்ணூற்றாறோடு, ஒரு நாள் தாமதமாக நீ போய் நிற்பாய். “அது நேத்தே முடிஞ்சுருச்சேம்மா” என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனிதராக இருந்தால் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு வீட்டுக்குப் போ. எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்று எனக்கு எழுது.

இருபத்தொரு வருடம் காத்திருந்தேன். இப்போதுதான் எனக்கு மூச்சு விட முடிகிறது.

அக்கா

*

ஜூன் 23

அக்கா,

உறை இருபதாம் தேதி வந்தது. டீ கறையைத் துடைத்துவிட்டு இருபத்தொன்றாம் தேதி மேலாளரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கடைசி நாள் ஜூன் முப்பது.

பதினைந்து என்று நான் உனக்கு எழுதியது பொய்.

உன்னை எனக்குத் தெரியாதா? உன் எதிரில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். கையில் கிடைத்த தேதியை நீ சும்மா விட மாட்டாய் என்று தெரியும். விடவும் கூடாது. நான் செய்ததற்கு நீ திருப்பிச் செய்யாமல் போனால், சாகும் வரைக்கும் உன் முகத்தை நான் பார்க்க முடியாது. அதனால்தான் உனக்கு ஒரு தேதி கொடுத்தேன். என் பெண்ணின் சோற்றை வைத்து விளையாட எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால் பதினைந்து நாள் என் பக்கம் மறைத்துவைத்தேன். ஏமாற்றினேன் என்று சொல்வாய். ஆமாம். மறுபடியும் ஏமாற்றினேன், மறுபடியும் தேதியில்தான். எனக்கு வேறு வித்தை தெரியாது.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். பதினைந்து தாண்டியும் தபால் வராத அன்றைக்கு, முப்பது என்று தெரிந்திருந்தும், நீ அனுப்பவே போவதில்லை என்று தோன்றிவிட்டது. ஐந்து நாள் தெருக்கோடியில் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை நீ எப்படி நின்றிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இருபத்தொரு வருடமாகத் தெரியாமல் இருந்தேன் என்பதும் தெரிந்தது.

அந்தப் பதின்மூன்று நாள் உனக்குச் சந்தோஷமாக இருந்ததா? உண்மையைச் சொல்.

உன் வாலு

*

ஜூலை 2

மாணவி எண் 4417க்கு,

கேட்டதால் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் இருந்தது. அப்புறம் டீ ருசிக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் உன்னைத் திட்டினேன், வாய்விட்டு, அறையில் தனியாக. பக்கத்து அறைத் திருத்துநர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் என்னையே நான் கேட்டேன்: முப்பதாம் தேதி என்று இவள் உள்ளதைச் சொல்லியிருந்தால் என்றைக்குப் போட்டிருப்பாய்? முப்பத்தொன்று இல்லாத மாதம், ஜூலை ஒன்றாம் தேதி போட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் கணக்கு தீரவில்லை. மேல்நிலைக்கு மேலே ஒரு நிலை இருக்கிறது, முப்பத்தாறு பாடம், மூன்று வருடம். முடித்தவர்கள் ஒரு கை விரலுக்குள். உன் எண்ணை அதில் பதிந்துவிட்டேன். 4417-ஐத் திருத்துநர் 9 தவிர யாரும் தொடக் கூடாது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. இனி ஓரம் மூன்று விரல் அகலம் வேண்டும். டீ சிந்தினால் பத்து மதிப்பெண். தவறு ஒவ்வொன்றுக்கும் நாற்பது முறை. உன்னைச் சும்மா விடுவேன் என்று நினைக்காதே. மன்னிப்பு என்று எந்தத் தாளிலும் எழுதாதே, நானும் எழுத மாட்டேன்.

முதல் பாடம் உள்ளே இருக்கிறது. அதைத் தலைகீழாகத்தான் மடித்து வைத்திருக்கிறேன், பிரித்ததும் திருப்பாமல் படிக்கலாம்.

கடைசி நாள் ஆகஸ்ட் ஐந்து. தபாலில் வேண்டாம். வந்து கொடு. மேஜைக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன்.

அக்கா